அறிவியலின் வெற்றி எதற்குச் சாட்சி?

1846 செப்டம்பர் 23 இரவு, பெர்லின் வானாய்வகத்தில் யோஹான் கால்லே தொலைநோக்கியைத் திருப்பிய இடத்தில், வரைபடத்தில் இல்லாத ஒரு ஒளிப்புள்ளி தெரிந்தது. பாரிஸிலிருந்து உர்பைன் லெ வெரியே கணக்கிட்டு அனுப்பியிருந்த இடத்துக்கும் அதற்கும் ஒரு பாகைகூட வித்தியாசமில்லை. யுரேனஸின் பாதையில் இருந்த சிறு பிறழ்வையும் நியூட்டனின் ஈர்ப்பு விதியையும் மட்டுமே கொண்டு, அதுவரை கோளென்று யாரும் அறியாத ஒன்று இன்ன இடத்தில் இருக்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். அதுதான் நெப்டியூன். 1859இல் அதே லெ வெரியே புதனின் பாதையிலும் ஒரு பிறழ்வைக் கண்டார். சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே இன்னும் அறியப்படாத பொருள் இருக்க வேண்டும் என்றார். அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. பார்த்துவிட்டோம் என்று சொன்னவர்களும் உண்டு. ஆனால் அப்படி ஒரு கோள் இல்லவே இல்லை. நூற்றாண்டுக்கு 43 விகலை அளவுள்ள அந்தப் பிறழ்வுக்கு 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் விளக்கம் தந்தபோதுதான், திருத்த வேண்டியது வானத்தின் கணக்கெடுப்பை அல்ல, ஈர்ப்பு விதியையே என்பது தெளிவானது.

ஒரே மனிதர், ஒரே விதி, ஒரே முறை. முதல் தடவை கோள் அகப்பட்டது. அடுத்த தடவை ஒன்றும் அகப்படவில்லை. நெப்டியூனைக் கண்ட கையோடு நியூட்டனின் கோட்பாடு உண்மை என்று முடிவுகட்டியவர்கள் தவறு செய்தார்களா? வெல்லும் கோட்பாடு உண்மையாகத்தான் இருக்க வேண்டுமா? உண்மை இல்லையென்றால் அது வெல்வது எப்படி? அறிவியல் தத்துவத்தில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக ஓயாமல் நடந்துவரும் மெய்ம்மைவாத விவாதம் இந்தக் கேள்விகளைப் பற்றியதுதான். இருதரப்பு வாதங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது: அறிவியலின் வெற்றிகள் எல்லாம் ஒரே வகை அல்ல. வகை பிரிக்காமல் பேசியதால்தான் விவாதம் இவ்வளவு நீண்டது.

அற்புதம் வேண்டாம் என்போர்

அறிவியல் மெய்ம்மைவாதம் மூன்று கூற்றுகளால் ஆனது. உலகம் நம் மனத்தையும் மொழியையும் சாராமல் இருக்கிறது என்பது முதலாவது. எலெக்ட்ரான், மரபணு, கருந்துளை என்று கோட்பாடுகள் பேசும்போது அவை கணக்கு வசதிக்காக வைத்த பெயர்கள் அல்ல, அப்படிப்பட்ட பொருள்கள் உள்ளன என்றே சொல்கின்றன என்பது இரண்டாவது. சோதனைகளில் தேறி முதிர்ந்த கோட்பாடுகளை ஏறத்தாழ உண்மை என்று நம்ப நமக்கு நியாயம் இருக்கிறது என்பது மூன்றாவது. சண்டை பெரும்பாலும் மூன்றாவதன் பேரில்தான்.

இதற்கான முதன்மை வாதத்தை ஆஸ்திரேலியத் தத்துவவாதி ஜே. ஜே. ஸி. ஸ்மார்ட் 1963இல் ஒரு வடிவத்தில் முன்வைத்தார். 1975இல் ஹார்வர்டின் ஹிலாரி பட்னம் அதைக் கூர்மையாக்கினார். குவாண்டம் மின்னியக்கவியல் எலெக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறனைக் கணக்கிடுகிறது. ஆய்வகத்தில் அளந்த எண் பத்து இலக்கங்களுக்கும் மேல் அதோடு பொருந்துகிறது. எலெக்ட்ரான் என்று ஒன்றே இல்லாமல், அல்லது அது கோட்பாடு சொல்வதற்குக் கொஞ்சமும் சம்பந்தமில்லாமல் இருந்துகொண்டு, இந்தப் பொருத்தம் நேர்ந்தது என்றால் அது அற்புதம். கோட்பாடு ஏறத்தாழ உண்மை என்று ஏற்றுக்கொண்டால் அற்புதத்துக்குத் தேவையில்லை.

கிடைக்கும் விளக்கங்களில் சிறந்ததை உண்மையென்று கொள்ளும் இந்தச் சிந்தனை முறை அறிவியலாளர்களுக்கு அன்றாடப் பழக்கம். பட்னத்தின் தரப்பு அதையே அறிவியலின்மேல் பிரயோகிக்கிறது. லேரி லாவ்டனும் ஆர்தர் ஃபைனும் இங்கேதான் மறித்தார்கள். சிறந்த விளக்கம் உண்மையாகத்தான் இருக்கும் என்பதையே எதிர்த்தரப்பு சந்தேகிக்கும்போது, அதே முறையால் அதை நிறுவுவது வட்டமடிப்பதாகும் என்றார்கள். ஆனாலும் வாதத்தின் ஈர்ப்பு குறையவில்லை. 2009இல் ஃபில்பேப்பர்ஸ் இணையதளம் தத்துவப் பேராசிரியர்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் மெய்ம்மைவாதத்தை ஏற்பதாகவோ அதன் பக்கம் சாய்வதாகவோ சொன்னார்கள்.

லாவ்டனின் பட்டியல்

1981இல் லாவ்டன் எழுதிய கட்டுரை, தர்க்கத்தை விட்டுவிட்டு வரலாற்றைச் சாட்சிக்கு அழைத்தது. தம் காலத்தில் வென்று, பின்னால் கைவிடப்பட்ட கோட்பாடுகளை அவர் பட்டியலிட்டார்: எரிதலுக்குக் காரணமான ஃப்ளோஜிஸ்டன், வெப்பத்தை ஒரு பாய்மமாகக் கொண்ட கலோரிக், ஒளியைச் சுமந்து செல்லும் ஈதர், உடலின் நால்வகைத் திரவங்கள் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றின் மையப் பொருள்கள் இல்லாதவை என்று இன்று சொல்கிறோம். அன்று வெல்ல முடிந்த கோட்பாடுகளே இப்படிப் பொய்த்தன என்றால், இன்று வெல்பவற்றுக்கு மட்டும் என்ன காப்பு?

பட்டியலில் எல்லாமே ஒரே கனம் கொண்டவை அல்ல. நால்வகைத் திரவ மருத்துவம் பெரிதாக எதையும் வென்றதில்லை, அதைத் தள்ளிவிடலாம். ஈதரையும் கலோரிக்கையும் அப்படித் தள்ள முடியாது. 1818இல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசுப் போட்டிக்கு அகஸ்டீன் ஃப்ரெனெல் ஒளியின் அலைக் கோட்பாட்டை அனுப்பினார். ஒளி துகள்களால் ஆனது என்று நம்பிய நடுவர் பொய்ஸான், ஃப்ரெனெல் சொல்வது சரியென்றால் வட்டத் தகட்டின் நிழலுக்கு நட்டநடுவே வெளிச்சப் புள்ளி விழ வேண்டுமே, அது அபத்தம் அல்லவா என்று மடக்கினார். அராகோ சோதித்துப் பார்த்தார், புள்ளி விழுந்தது. ஃப்ரெனெலுக்குப் பரிசும் கிடைத்தது. கலோரிக்கும் சளைத்ததல்ல. நியூட்டன் கணித்த ஒலியின் வேகம் அளந்த வேகத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்று அமுங்கும்போது கலோரிக் வெளிப்படுகிறது என்று வைத்துக்கொண்டு 1816இல் லாப்லாஸ் அந்தக் குறையைத் தீர்த்தார்.

கண்ணுக்கு எட்டியவரை

மெய்ம்மைவாதத்தை மறுப்போர் அறிவியலின் எதிரிகள் அல்லர். கோப்பர்நிகஸின் நூல் 1543இல் அச்சானபோது, அச்சுப் பணியைக் கவனித்த ஓசியாண்டர் பெயர் போடாமல் ஒரு முன்னுரை சேர்த்தார்: இந்தக் கருதுகோள்கள் உண்மையாக இருக்க வேண்டியதில்லை, கணக்கு கண்ட காட்சிகளோடு பொருந்தினால் போதும் என்பது அதன் சாரம். பழிக்கு அஞ்சி எழுதிய தற்காப்பு என்று அதை ஒதுக்கலாம். ஆனால் அதே நிலைப்பாட்டைப் பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர் டூயெம் 1906இல் முழுத் தத்துவமாக வளர்த்தார். 1980இல் பாஸ் வான் ஃப்ராஸன் அதற்குப் புதிய உருவம் கொடுத்தார்.

வான் ஃப்ராஸனின் கணக்கில் அறிவியலின் குறிக்கோள், காணக்கூடிய உலகத்தைப் பற்றிச் சொல்வதெல்லாம் சரியாக இருப்பது. காண முடியாதவற்றைப் பற்றிக் கோட்பாடு சொல்வதை வைத்து வேலை செய்யலாம். நம்ப வேண்டிய கட்டாயம் இல்லை. அப்படியானால் வெற்றி? அதற்கு அவர் டார்வினை அழைக்கிறார். பூனையைக் கண்டு ஓடும் எலிதான் பிழைத்திருக்கிறது. ஓடாத எலி இன்று இல்லை. தவறாகக் கணித்த கோட்பாடுகள் உதிர்ந்துவிட்டன. மிஞ்சியவை வெல்வதில் வியப்பென்ன?

இந்தப் பதில் பாதிதான். நம் கையில் வெல்லும் கோட்பாடுகளே இருப்பது ஏன் என்பதை அது விளக்குகிறது. இந்தக் குறிப்பிட்ட கோட்பாடு, அது தேர்ந்தெடுக்கப்பட்ட காலத்தில் யாரும் எண்ணிப்பாராத சோதனையிலும் ஏன் வெல்கிறது என்பதை விளக்கவில்லை. காணக்கூடியது, காணமுடியாதது என்ற எல்லைக்கோடும் உறுதியாக நிற்பதில்லை. கண்ணாடிச் சன்னல், மூக்குக்கண்ணாடி, உருப்பெருக்கி, நுண்ணோக்கி என்று படிப்படியாகப் போனால் எந்த இடத்தில் காண்பது முடிந்து ஊகம் தொடங்குகிறது என்று 1962இலேயே குரோவர் மேக்ஸ்வெல் கேட்டார். வெவ்வேறு இயற்பியல் விதிகளின்படி இயங்கும் இரண்டு நுண்ணோக்கிகள் ஒரே உருவத்தைக் காட்டினால், அது கருவி செய்த மாயமாக இருக்க முடியாது என்பது ஈயன் ஹேக்கிங்கின் வாதம்.

புதுச்சேரியில் ஒரு கிரகணக் கணக்கு

இந்த இடத்தில் வெற்றிகளை வகை பிரித்தாக வேண்டும். அதற்கு உதவும் ஒரு வழக்கு தமிழகத்தின் வானியல் வரலாற்றிலேயே இருக்கிறது. வெள்ளி சூரியனைக் கடப்பதை அளக்க வந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில், 1769இல் புதுச்சேரியில் மேகம் மறைத்துவிட்டதால் ஏமாந்துபோனார். அங்கே தங்கிய காலத்தில் தமிழ்க் கணிதர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றார். சோழிகளை நகர்த்தி, மனப்பாடமான வாக்கியங்களிலிருந்து எண்களை எடுத்துச் செய்யும் கணக்கு அது. 1765 ஆகஸ்ட் 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்துக்கு அந்த முறை தந்த கால அளவு உண்மையைவிட 41 விநாடி குறைவு. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளில் ஒன்றான டோபியாஸ் மேயருடையது தந்தது 68 விநாடி அதிகம்.

எல்லாக் கிரகணத்திலும் இவ்வளவு துல்லியம் வாய்க்கவில்லை. 1825இல் ஜான் வாரன் பதிவு செய்த இன்னொரு புதுச்சேரிக் கணிப்பில் கிரகணத்தின் தொடக்கம் நான்கு நிமிடமே பிசகியது. முடிவு ஐம்பது நிமிடத்துக்கு மேல் பிசகியது. இந்தப் பதிவுகளை 1952இல் ஓட்டோ நாய்கபவர் விரிவாக ஆராய்ந்தார். ஆனாலும் பூமியை மையமாக வைத்த கோள் மாதிரியிலிருந்து பிறந்து, அந்த மாதிரியே தெரியாதவர்கூடச் செய்யக்கூடிய ஒரு கணக்கு, நிமிடக் கணக்கில் கிரகணத்தைத் தொட முடிந்தது. இது அற்புதமா? இல்லை. சந்திரன் பூமிக்கு மிக அருகே வரும் நிலை ஒன்பது தடவை திரும்புவதற்கு 248 நாள் ஆகிறது. வாக்கிய முறையில் சந்திரனுக்கு 248 வாக்கியங்கள். நூற்றாண்டுக் கணக்கான வான நோக்கல்களிலிருந்து வடித்து, அவ்வப்போது திருத்தி உள்ளே வைத்த சுழற்சிகள் வெளியே வருகின்றன. சுழற்சிகள் மெய், அவற்றைச் சுமந்த வானப் படம் மெய்யல்ல.

தரவைப் பார்த்துப் பொருத்திய வெற்றிக்கு, கோட்பாடு முழுதும் உண்மையாக இருக்கத் தேவையில்லை என்பதே இதன் பாடம். பொய்ஸானின் வெளிச்சப் புள்ளி வேறு ரகம். அதை யாரும் ஃப்ரெனெலின் கணக்குக்குள் வைக்கவில்லை. கணக்கை மறுக்க வந்தவரே அதை வெளியே எடுத்தார். கேளாமலே வந்த இத்தகைய வெற்றிகள்தான் மெய்ம்மைவாதிக்கு உரிய சாட்சிகள்.

பதின்மூன்று வழிகளில் ஓர் எண்

இன்னும் வலுவான ரகம் ஒன்று உண்டு: தொடர்பில்லாத பல வழிகள் ஒரே இடத்தில் வந்து கூடுவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அணு மெய்யா, வெறும் கணக்கு வசதியா என்பது இயற்பியலாளர்களையே இரண்டாகப் பிரித்திருந்தது. எர்ன்ஸ்ட் மாக், வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் போன்ற பெரியவர்கள் மறுக்கும் பக்கம் நின்றார்கள். நீரில் மிதக்கும் நுண்துகள்களின் ஓயாத அசைவை 1905இல் ஐன்ஸ்டைன் மூலக்கூறுகளின் மோதலால் விளக்கினார். 1908 முதல் ஜான் பெரின் பாரிஸில் மஞ்சள் மரப்பிசின் ஒன்றின் நுண்மணிகளை நீரில் மிதக்கவிட்டு, எந்த உயரத்தில் எத்தனை மணிகள் நிற்கின்றன என்று நுண்ணோக்கியில் எண்ணினார். அதிலிருந்து ஒரு மோல் பொருளில் எத்தனை மூலக்கூறுகள் என்ற அவகாட்ரோ எண் கிடைத்தது.

1913இல் வெளியான அவருடைய நூலில் அந்த எண்ணைப் பெறும் பதின்மூன்று வழிகள் வரிசையாக இருக்கின்றன. வாயுக்களின் பாகுநிலை, வானத்தின் நீலம், கரும்பொருள் கதிர்வீச்சு, மின்னேற்றம் பெற்ற துளிகள், ரேடியம் வெளியிடும் ஹீலியம் ஆகியவை அவற்றுள் சில. விடைகள் 6.0 முதல் 7.5 வரை, ஒவ்வொன்றையும் 10²³ஆல் பெருக்கிக்கொள்ள வேண்டும். இன்றைய மதிப்பு 6.022. வானத்தின் நீலத்துக்கும் ரேடியத்துக்கும் மூலக்கூறுகளைத் தவிர வேறு பொதுக் காரணம் தேடினால் கிடைக்காது. ஓஸ்ட்வால்ட் 1909இல் அணுவை ஏற்றார். மாக் கடைசிவரை முழு மனத்தோடு ஏற்கவில்லை. எண் முன்பே தெரிந்து, பதின்மூன்று கணக்குகளையும் அதற்கேற்ப வளைத்திருந்தால் மாக்கின் பிடிவாதத்துக்கு நியாயம் இருந்திருக்கும். அப்படி யாரும் வளைக்கவில்லை.

எதைக் காப்பாற்றுவது?

லாவ்டனுக்குப் பிறகு மெய்ம்மைவாதிகள் கோட்டை முழுவதையும் காக்கும் எண்ணத்தைக் கைவிட்டார்கள். கோட்பாட்டின் எந்தப் பகுதி வெற்றியைக் கொண்டுவந்ததோ அதை மட்டும் நம்பலாம் என்று ஃபிலிப் கிட்சரும் ஸ்டாதிஸ் சில்லோஸும் 1990களில் வாதிட்டார்கள். லாப்லாஸின் ஒலிக் கணக்குக்கு, அமுங்கும் காற்று வெப்பம் வெளியே போக இடமின்றிச் சூடாகிறது என்பதே தேவை. வெப்பம் ஒரு பாய்மம் என்ற எண்ணம் அதில் சும்மா ஒட்டிக்கொண்டிருந்தது என்பது சில்லோஸின் வாசிப்பு. ஹாசோக் சாங் அதை மறுத்தார்: அன்றைய அறிஞர்களைக் கேட்டால் அந்தப் பாய்மமே விளக்கத்தின் உயிர் என்றிருப்பார்கள், எது ஒட்டு, எது உயிர் என்பது நமக்கு விடை தெரிந்த பிறகுதான் தெரிகிறது.

ஜான் வொரால் 1989இல் வேறு வழி காட்டினார். ஒளி தெறிப்பதற்கும் விலகுவதற்கும் ஃப்ரெனெல் எழுதிய சமன்பாடுகள், ஈதர் போன பிறகும் மேக்ஸ்வெல்லின் மின்காந்தக் கோட்பாட்டில் அப்படியே இருக்கின்றன. அலைவது எது என்பதில் ஃப்ரெனெல் தவறினார். அலைவு எந்த விகிதங்களுக்குக் கட்டுப்படுகிறது என்பதில் தவறவில்லை. ஆகவே பொருள்களை விட்டுவிட்டு அமைப்பை நம்பலாம். இதன் வேரை 1902லேயே ஹென்றி பொயன்காரேயிடம் காணலாம். ஜேம்ஸ் லேடிமன் ஒருபடி மேலே போய், உறவுகளே அடிப்படை, அவற்றைத் தாங்கும் பொருள்கள் என்று தனியாக ஒன்றுமில்லை என்றார். அமைப்புவாதத்துக்குப் பழைய எதிர்ப்பு ஒன்று காத்திருக்கிறது. அமைப்பு மட்டுமே தெரியும் என்றால், எண்ணிக்கை போதுமான எந்தப் பொருள்தொகுதியிலும் அந்த அமைப்பைக் காட்டிவிடலாம், அப்போது நமக்கு எண்ணிக்கையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை என்றாகிறதே என்று 1928இல் மேக்ஸ் நியூமன் கேட்டார். இன்னும் முழுப் பதில் வரவில்லை.

ஹேக்கிங் எதிர்த்திசையில் போனார். கோட்பாடுகள் வரும் போகும். கையாள முடிகிற பொருள்கள் நிற்கும். ஸ்டான்ஃபோர்டில் க்வார்க் தேடியவர்கள் நியோபிய உருண்டையின் மின்னூட்டத்தை மாற்ற அதன்மேல் பாசிட்ரான்களைத் தெளித்ததைப் பார்த்து, தெளிக்க முடிகிறதென்றால் அவை உள்ளவைதான் என்று 1983இல் எழுதினார். 1989இல் ஐபிஎம் ஆய்வகத்தில் டான் ஐக்லர் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி நிறுவனத்தின் பெயரையே எழுதிய பிறகு, அணுவின் இருப்பை மறுப்பது எளிதல்ல. ஆனால் கருந்துளையையும் தொலைதூர விண்மீனின் உட்கருவையும் யாராலும் கையாள முடியாது.

இந்த எல்லாப் பங்கீடுகளுக்கும் கடினமான சோதனை ஆர்னால்ட் சோமர்ஃபெல்டின் வாய்பாடு. 1916இல், எலெக்ட்ரான் நீள்வட்டத்தில் அணுக்கருவைச் சுற்றுகிறது என்று வைத்து, ஹைட்ரஜன் நிறமாலைக் கோடுகளின் நுண்பிளவைக் கணித்தார், கணிப்பு பலித்தது. எலெக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டென்று அப்போது யாருக்கும் தெரியாது. அத்தகைய நீள்வட்டப் பாதைகள் கிடையா என்று இன்று சொல்கிறோம். ஆனால் 1928இல் டிராக்கின் சமன்பாட்டிலிருந்து பெற்ற ஆற்றல் மட்டங்கள் சோமர்ஃபெல்டுடையவையே. இரண்டுக்கும் பொதுவான சமச்சீர் அமைப்பு அடியில் இருக்கிறது என்று பின்னால் சிலர் காட்டினார்கள். தற்செயலும் கொஞ்சம் கைகொடுத்தது என்பாரும் உண்டு.

எண்ணிப்பாராத மாற்றுகள்

2006இல் கைல் ஸ்டான்ஃபோர்ட் சந்தேகத்துக்குப் புதிய கூர்மை கொடுத்தார். மரபுப் பண்புகள் எப்படிக் கடத்தப்படுகின்றன என்று டார்வினும் கால்ட்டனும் வைஸ்மனும் யோசித்தபோது, பின்னால் வென்ற விளக்கம் அவர்கள் மனத்தில் ஒரு வாய்ப்பாகக்கூட எழவில்லை. கையிலிருந்தவற்றில் சிறந்ததைத் தேர்ந்தார்கள். சரியானது கைக்கே வரவில்லை. இன்று நாமும் அப்படி எதையோ எண்ணாமல் விட்டிருக்கலாம். இன்றைய அறிவியல் பன்மடங்கு பெருகி, சோதனையும் கடுமையாகிவிட்டது என்பது ஒரு மறுமொழி. நிதியும் சகமதிப்பீடும் துணிந்த சிந்தனையைக் குறைக்கின்றன என்பது ஸ்டான்ஃபோர்டின் எதிர்மொழி.

பட்னத்தின் வாதத்தில் ஒரு நிகழ்தகவுப் பிழையும் ஒளிந்திருப்பதாகக் காலின் ஹாவ்சன் காட்டினார். ஆயிரம் போட்டிக் கோட்பாடுகளில் பத்துதான் உண்மை என்று வைத்துக்கொள்வோம், பத்தும் வெல்கின்றன. பொய்யான 990இல் நூற்றுக்கு ஐந்து மட்டும் தற்செயலாக வென்றாலும் அவை ஏறத்தாழ ஐம்பது. வென்ற அறுபதில் ஐம்பது பொய். தொடக்கத்தில் உண்மைக் கோட்பாடுகள் எத்தனை என்று தெரியாமல், வெற்றியிலிருந்து உண்மைக்குத் தாவ முடியாது. லாவ்டனின் வாதமும் இதே குழியில் விழுகிறது: அவருடைய பட்டியல் நியாயமான மாதிரி என்று எப்படித் தெரியும்? 2004இல் பி. டி. மாக்னஸும் கிரெய்க் காலெண்டரும் முடிவாகச் சொன்னது, அறிவியலை மொத்தக் கொள்முதலாக ஏற்பதும் மறுப்பதும் இரண்டுமே வீண், சில்லறையாகத்தான் வாங்க வேண்டும் என்பது.

குவாண்டம் இயங்கியல் இந்த அறிவுரைக்கு வலுவான ஆதாரம். அதைவிட வெற்றிகரமான கோட்பாடு இல்லை. ஆனால் உலகம் எப்படி இருப்பதாக அது சொல்கிறது என்பதில் கோப்பன்ஹேகன் மரபுக்கும் டேவிட் போமுக்கும் ஹியூ எவரெட்டுக்கும் ஒற்றுமை இல்லை; மூவருக்கும் சோதனை முடிவுகள் ஒன்றே. மொத்தமாக நம்பு என்றால் எந்தப் படத்தை நம்புவது? எலெக்ட்ரானின் நிறையையும் மின்னூட்டத்தையும் நம்பலாம். அளக்காதபோது அது எங்கே இருக்கிறது என்பதற்குத் தீர்ப்பை நிறுத்திவைக்கலாம்.

வழக்குக்கு வழக்கு

ஆக, அறிவியல் ஏன் வெல்கிறது என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. சில கோட்பாடுகள் தரவில் எடுத்ததையே திருப்பித் தருகின்றன. சில, பிழையான படத்துக்குள் சரியான சுழற்சியையோ சமன்பாட்டையோ பொதிந்து வைத்திருக்கின்றன. சில, சொல்வது ஏறத்தாழ உண்மையாக இருப்பதால் வெல்கின்றன. எது எந்த ரகம் என்று அறிய மூன்று கேள்விகள் போதும். கணித்த முடிவு, கோட்பாட்டைக் கட்டும்போதே கையில் இருந்ததா? அதே முடிவுக்குத் தொடர்பற்ற வேறு வழிகளும் வருகின்றனவா? கோட்பாட்டின் எந்தக் கூற்றை எடுத்தால் கணிப்பு விழும்?

இவற்றை இன்றைய ஒரு வழக்கில் போட்டுப் பார்க்கலாம். 1967இல் சுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் காற்றில் கரியமில வாயு இரட்டித்தால் தரை சூடாகும், அடுக்கு மண்டலம் குளிரும் என்று கணித்தார்கள். அடுக்கு மண்டல வெப்பநிலையைச் செயற்கைக்கோள்கள் தொடர்ந்து அளக்கத் தொடங்கியது 1970களின் இறுதியில்தான். கணிப்புக்கு முன் அந்தத் தரவு இல்லை. பின்னால் குளிர்வு பதிவானது. கீழ் அடுக்கில் ஓசோன் இழப்புக்கும் அதில் பங்கு உண்டு. மேலே போகப்போகக் கரியமில வாயுவின் பங்கே மேலோங்குகிறது. சூரியன் உக்கிரமானதுதான் காரணம் என்றால் மேலும் கீழும் சேர்ந்தே சூடாகியிருக்க வேண்டும். கணிப்பிலிருந்து கரியமில வாயு கதிர்வீச்சை உறிஞ்சி உமிழும் குணத்தை எடுத்தால் கணிப்பே விழுந்துவிடும். ஆகவே அந்தக் கூற்றுக்கு நம்பிக்கை உரித்தாகிறது. இத்தகைய காலநிலை மாதிரிகளில் மேகங்களைக் கையாளும் பகுதி அந்த அளவுக்கு இன்னும் சோதிக்கப்படவில்லை; அதற்கு அவ்வளவு நம்பிக்கை உரித்தாகாது. இழைக் கோட்பாடோ கணிதத்தில் வளமாக இருந்தும் முதல் கேள்விக்கே வந்து சேரவில்லை. சோதனையில் பலித்த கணிப்பு எதுவும் அதனிடம் இல்லை.

'அறிவியல் நாளைக்கு மாற்றிச் சொல்லும்' என்று எல்லாவற்றையும் தட்டிக்கழிப்பவரும், 'அறிவியல் நிரூபித்துவிட்டது' என்று எல்லாவற்றுக்கும் ஒரே முத்திரை குத்துபவரும் செய்யும் பிழை ஒன்றே: கூற்றைப் பார்க்காமல் அமைப்புக்கு மதிப்பெண் போடுகிறார்கள். நம்பிக்கையின் அளவு கூற்றுக்குக் கூற்று மாறும். அதை நிர்ணயிக்கத் தத்துவத்தின் பொது வாதங்கள் போதாது. எந்தச் சோதனை, எந்த ஆண்டு, எந்தத் தரவு கையில் இருந்தபோது என்று துறைக்குள் இறங்கிப் படிக்க வேண்டியிருக்கிறது. இத்தனை ஆண்டு விவாதத்தில் உறுதியாகக் கிடைத்த லாபம் அதுதான்.